மணியை வாங்கிக்க ஆளில்லீங்க

பயந்துக்காதீங்க தம்பி, அது மணிங்க. பைக்குள்ள இருக்குது. ஸ்பீட் பிரேக்கர் வந்தா அடிக்கும். இப்பத்தான் உடுமலை தாண்டியிருக்கறோம், பல்லடம் போற வரைக்கும் அடிச்சுக்கிட்டேதான் வரும். கண்டக்டரு ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டாரு. கோயில் மணி இல்லீங்க, களவாண்டுட்டு வரலை. கிளப் மணி.

நீங்க எதுவரைக்கும்? திருப்பூருங்களா. நல்லதாப் போச்சு.

இந்த மணி பித்தளைங்க. மரப்பலகை ஒண்ணு, அதுல ரெண்டு கம்பி, நடுவுல மணி தொங்கும். கூட ஒரு மரச்சுத்தி. தலைவரு சுத்தியில ஒரு அடி அடிச்சாத்தான் கூட்டம் ஆரம்பம். இன்னொரு அடி அடிச்சாத்தான் முடிவு. ஒரு தடவை தலைவரு கல்யாணத்துக்குப் போற அவசரத்துல கடைசி அடியை அடிக்காமப் போயிட்டாரு. நான் மினிட் புக்குல 'கூட்டம் முடியவில்லை'ன்னு எழுதிப்போட்டேன். அடுத்த மாசம் வரைக்கும் அந்தக் கூட்டம் நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ரூலுன்னா ரூலுதானுங்களே.

சுத்தியைத் தனியா எடுத்து வெச்சா அடிக்காதுங்களா? ஆமாங்க, அடிக்காது. ஆனா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கோணும். அதுவும் ரூலு.

ஒளிச்சுடர் சர்வீஸ் கிளப்புன்னு பேரு. கண்ணு கேம்ப்பு நடத்தறோம். வருசத்துக்கு நாலு. நானு செக்ரட்டரிங்க. பேரு சென்னியப்பன். மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்கறேன்.

மூஞ்சியப் பாத்தா செக்ரட்டரி மாதிரி இல்லீன்னு நெனைக்கறீங்க. நெசந்தான். அங்க இருக்கறவங்க பூராப் பெரிய பெரிய ஆளுக. ரைஸ் மில்லு, மெடிக்கல், பல் டாக்டரு. காயில் கட்டறவன் நானு ஒருத்தன்தான். எப்படிச் சேந்தேன்னா, ரைஸ் மில் அர்த்தனாரி இருக்காரில்லீங்க, இப்பத்த தலைவரு, அவரு மில்லு மோட்டாரு பதினொரு வருசத்துக்கு முன்னால கருகிப்போச்சு. கழட்டி எடுத்துட்டு வரலாம்னு போனேன். எத்தனை சுத்து, என்ன கம்பின்னு ஒரு அட்டையில எழுதி மோட்டாருல கட்டறது என் பழக்கம். அந்த அட்டையை எடுத்துப் பாத்தாரு. "ஏனுங்க, இந்தக் கையெழுத்து உங்குளுதுங்களா?"ன்னாரு.

என் கையெழுத்து நல்லாருக்குமுங்க. நானு ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். பகல்ல மில்லுல வேலை, பொழுது சாஞ்சா பள்ளிக்கூடம். அங்கிருந்த வாத்தியாரு கையெழுத்துக்குத்தான் மார்க்குப் போடுவாரு. விடை சரியா தப்பான்னு பாக்க அவருக்கும் தெம்பு இருக்காது, எங்குளுக்கும் தெம்பு இருக்காது.

"எங்க கிளப்புல இருபது பேரு இருக்கோணுமுங்க, பத்தொம்பதுதான் இருக்கறோம். இன்னிக்குச் சாயந்தரம் மேலிடத்துல இருந்து பாக்க வாராங்க. சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போங்க, காயில்காரரே"ன்னாரு அர்த்தனாரி.

சும்மா ஒக்காரப் போனவன் தம்பி. பதினொரு வருசமாச்சு.

அன்னிக்கே சட்டையில கிளப்பு பின்னு குத்திட்டாங்க. பாக்கெட்டுல வார்னிஷ் கறை ஒண்ணு இருந்துச்சு, பின்னு அதைச் சரியா மறைச்சுக்குச்சு. அவரு மோட்டாரு ரெடியாகறதுக்குள்ள நானு மெம்பரு. மூணாவது மாசம் செக்ரட்டரி. தலைவரு வருசா வருசம் மாறுவாரு. செக்ரட்டரி மாறமாட்டான். மினிட் புக்கு எழுதறதுக்கு இத்தனை அழகான கையெழுத்து வேற எங்க கெடைக்கும்னு எல்லாரும் கேக்கறாங்க. கையெழுத்து நல்லாருக்கறவனுக்குத் தண்டனை அதுதானுங்க.

அதுவரைக்கும் ஊருக்குள்ள எல்லாத்துக்கும் நானு காயில்காரன். அதுக்கப்பறம் 'செக்ரட்டரி சார்'. பேருக்கு மயங்கற ஆளில்லீங்க நானு. ஆனா கூப்புட்டாத் திரும்பிப் பாக்கோணுமில்லீங்களா.

மணியை வெக்கறதுக்கு கிளப்புக்குன்னு எடமில்லை. கூட்டம் ஓட்டல்ல நடக்குது. அதனால செக்ரட்டரி ஊட்லதான் மணி. எங்க ஊட்ல டிவிக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன். பித்தளையில்லீங்களா, வாரம் ஒருக்கா புளி போட்டுத் தேய்ச்சாத்தான் மின்னும். எங்க ஊட்டுக்காரி தேய்ச்சுருவா. மயிலாத்தாள்னு பேரு. பதினொரு வருசமா ஒரு வாரம் தவறலை. அவளுக்கும் கிளப்பு மேல ஒரு பிடிப்பு இருக்குதுன்னுதான் நானு நெனைச்சுக்கிட்டிருந்தேன்.

பாருங்க, அடிச்சுருச்சு. பெதப்பம்பட்டி வந்திருக்கும்.

இப்ப அவளைப் பாக்கத்தானுங்க போறேன். மூணு மாசமா பல்லடத்துல எங்க புள்ளை ஊட்ல இருக்கறா. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாங்க சண்டை போட்டதே இல்லை. சண்டை போடறதுக்கு ரெண்டு பேரும் ஊட்ல இருக்கோணுமில்லீங்க, எனக்கு வாரத்துல நாலு நாள் சாயந்தரம் கிளப்பு வேலை.

நடந்தது இதுதானுங்க. நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு.

போன வருசம் ஐப்பசியில ஒரு நாள், "ஏனுங்க, சமையக்கட்டுல வெளிச்சமே பத்தலை, பல்ப மாத்துங்க"ன்னா. அன்னிக்கே மாத்துனேன். நானு எலக்ட்ரிக்கல் லைனுல இருக்கறவன், பொண்டாட்டியை இருட்டுல விடுவனா. ஒம்பது வாட்ஸ் இருந்ததை எடுத்துட்டுப் பன்னெண்டு போட்டேன். ஒரு மாசம் போச்சு. "இன்னும் மங்கலாத்தானுங்க இருக்குது"ன்னா. இருவது போட்டேன். தையில மறுபடியும் சொன்னா. அம்பது வாட்ஸ், வெளிய போடறது, போக்கஸ் லைட்டு, அதைக் கொண்டாந்து மாட்டுனேன். எங்க சமையக்கட்டுல வாலிபால் மேட்ச் நடத்தலாமுங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க எங்க வெளிச்சத்துல காயி நறுக்குனாங்க. இவ அப்பவும் அரிசியில கல்லைக் கையில தடவித்தான் பொறுக்குவா. பழக்கதோசம்னு விட்டுட்டேன். கொழம்புல ரெண்டு தடவை உப்பு விழுந்துச்சு. நானு ஒண்ணும் சொல்லலை. அதெல்லாம் நானு சொல்லமாட்டேன்.

ஒருக்கா, "கண்ணே மாசடிக்கற மாதிரி இருக்குதுங்க"ன்னு சொன்னா. சொல்லலைன்னு நானு பொய் பேசமாட்டேன். அன்னிக்குக் கேம்ப்புக்கு நோட்டீசு எழுதிக்கிட்டிருந்தேன். 'உங்கள் வீட்டில் கண் மங்கலாகத் தெரிபவர் உண்டா?'ன்னு தலைப்பு. நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு. "கேம்ப் முடியட்டும், பாத்துக்கலாம்"னேன்.

மாசியில கேம்ப்பு. பள்ளிக்கூடத்துல. எரநூறு பேரு வந்தாங்க. எப்பவுமே மைக்கு எங்கிட்டத்தான் இருக்குமுங்க. கோயமுத்தூர்ல இருந்து வந்த டாக்டரு பாத்து, யாருக்கு ஆபரேசன்னு லிஸ்ட்டு குடுப்பாரு. நானு நம்பரும் பேரும் வாசிப்பேன். வந்து நின்னா, நெத்தியில பிளாஸ்திரி ஒட்டி, எந்தக் கண்ணுன்னு எழுதி பஸ்சுல ஏத்திவிடுவாங்க. இதுல ஒரு நம்பரு மாறுனா அந்த மனுசனுக்கு நல்ல கண்ணை அறுத்துப்போடுவாங்க. அதனால நானு லிஸ்ட்டுல இருந்து கண்ணை எடுக்கறதே இல்லை. இத்தனை வருசத்துல ஒரு தப்பு வந்ததில்லீங்க.

அன்னிக்கும் வாசிச்சுக்கிட்டே வந்தேன். எண்பத்தஞ்சு. எண்பத்தாறு. "எண்பத்தாறு, மயிலாத்தாள், வயசு அம்பத்திரெண்டு, கணவர் பேர் சென்னியப்பன், வலது கண்"ணுன்னு மைக்குல வாசிச்சேன். ரெண்டு தடவை வாசிச்சேன்.

சிரிக்காதீங்க தம்பி. ஊருக்குள்ள எத்தனை சென்னியப்பன் இருக்காங்க. எத்தனை மயிலாத்தா இருக்காங்க. லிஸ்ட்டுல கெடக்கற பேரு நம்ம பேருன்னு எவனுக்குத் தோணும்?

"யாருங்க மயிலாத்தாள், சீக்கிரம் வாங்க, பின்னால ஆளு நிக்குது"ன்னு சத்தம் போட்டேன். முன்னால ஒரு பொம்பளை வந்து நின்னுச்சு. நிமுந்து பாத்தா இவ. பக்கத்து ஊட்டு அம்மிணி கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. என்னைப் பாக்கலை. எனக்கு ஒரு முழம் தள்ளி, மைக் கம்பியைப் பாத்துச் சொல்றா, "கொரலு கேட்டுச்சுங்க. ஆளுதான் எங்க இருக்கீங்கன்னு தெரியலை"ன்னு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. செக்ரட்டரி சம்சாரம். காலையில இருந்து வெயில்ல வரிசையில நின்னிருக்கறா, ஊரே பாத்திருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா முதல் நம்பரு வாங்கிக் குடுத்திருக்கமாட்டனா?

அதுவாச்சும் போச்சாதுங்க, விட்டுத்தள்ளலாம். அர்த்தனாரிக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு. மனுசன் சந்தோசத்துல குதிக்கறாரு. "செக்ரட்டரி சார், உங்க குடும்பமே முன்னுதாரணமுங்க! எல்லாத்துக்கும் போர்வை குடுக்கறமில்ல, அவங்களுக்கு நீங்களே குடுங்க, போட்டோ எடுத்தறலாம்"னாரு. நானு வேண்டாம்னுதான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை குடுத்துட்டேன். நெத்தியில பிளாஸ்திரியோட அவ வாங்கறா, பின்னு குத்துன சட்டையோட நானு குடுக்கறேன். போர்வை எங்க ஊட்லயே ஆறு இருக்குதுங்க, மிச்சப்பட்டது.

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டுப் பிரிக்கறன்னிக்குக் கோயமுத்தூருக்கு எங்க புள்ளை தேன்மொழி போயிருந்தா. எனக்கு அன்னிக்கு மாவட்டக் கூட்டம். பரவாயில்லைன்னுட்டா மயிலாத்தா. அவ எதுக்கும் பரவாயில்லைன்னுதான் சொல்லுவா. அதை நம்பறதா வேண்டாமான்னு முப்பது வருசமா எனக்குப் புடிபடலை.

ரெண்டு பேரும் பஸ்சுல உடுமலை வந்து எறங்கியிருக்காங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பெரிய பிளக்சு. பத்துக்கு எட்டு. இருவது மெம்பரு போட்டோவும் கீழ வரிசையா, நடுவுல பெருசா இவ, பிளாஸ்திரியோட. போர்வை. நானு. 'பயனாளிக்குப் போர்வை வழங்கும் செயலாளர்'னு கீழ வாசகம். முழுசாப் படிச்சாளாமுங்க. நடு ரோட்டுல நின்னு, ஒரு எழுத்து விடாம. புதுக் கண்ணுல முதமுதல்ல படிச்சது அதுதான்.

வாசகம் நானு எழுதுனது. அதுல ஒரு பிழை கெடையாதுங்க.

நானு சாயந்தரம் ஊட்டுக்குப் போறேன், பை கட்டி வாசல்ல வெச்சிருக்கறா. பக்கத்துல இந்த மணி. அழுகலை, சத்தம் போடலை. "இத்தனை வருசம் நானு தேய்ச்சேன். இனி வேற யாராச்சும் தேய்க்கட்டும். ஊருக்கு நானு பயனாளிதான், இல்லைங்கலை. உங்குளுக்குமா பயனாளி? இந்த மணி ஊட்டை விட்டுப் போன அன்னிக்கு வந்து கூப்புடுங்க, வாரேன்"னா. புள்ளை கூடப் போயிட்டா. அந்தப் போக்கஸ் லைட்டைக் கூட நிறுத்திட்டுத்தான் போனா.

சரி, விட்டுத்தொலைக்கலாம்னு நானும் முடிவு பண்ணிட்டேன். கிளப்பா பெருசு? ராஜினாமாக் கடுதாசி எழுதுனேன். ரெண்டு பக்கம். மூணு தடவை திருத்தி எழுதுனேன். ஆனா கடுதாசியைக் கூட்டத்துல வாசிக்கறது செக்ரட்டரி வேலை. நானே எந்திரிச்சு வாசிச்சேன். முடிச்சதும் கை தட்டுறாங்க தம்பி! மெடிக்கல் நாச்சிமுத்து கண்ணைத் தொடைக்கறாரு. அர்த்தனாரி எந்திரிச்சு, "இப்படி ஒரு கடுதாசி எழுத நம்ம ஜில்லாவுலயே ஆளு கெடையாது. இவரை விட்டா நம்மளுக்கு ஏதுங்க செக்ரட்டரி?"ன்னாரு. மறுபடியும் கை தட்டு. சால்வை போத்திட்டாங்க. 'செயலாளரின் கடிதம் ஒருமனதாகப் பாராட்டப்பட்டது'ன்னு மினிட் புக்குல எழுதுனேன். நாந்தான எழுதோணும்.

ரூலு என்னன்னா, மணியை இன்னொருத்தரு கையில குடுத்து, அவரு வாங்கிக்கிட்டாத்தான் செக்ரட்டரி வெலகுனதாக் கணக்கு. அந்த ரூலு எழுதுனதும் நாந்தான். முன்னால ஒரு ஆளு மணியைத் தொலைச்சுட்டு வெலகிட்டாரு, அதனால எழுதுனேன். நல்ல ரூலுங்க.

நாச்சிமுத்து ஊட்டுக்குக் கொண்டுபோனேன். மணியைப் பாத்ததும் அவங்கம்மா, "ஏப்பா, பித்தளை மணி பூசை ரூம்புல இல்லாம நடு ஊட்ல இருந்தா வாஸ்துக்கு ஆகாது"ன்னாங்க. பல் டாக்டரு ஆஸ்பத்திரியில குடுத்தேன், நோயாளிக பயந்துக்கறாங்கன்னு ரெண்டாம் நாள் திருப்பிக் குடுத்துட்டாரு. அர்த்தனாரி வாங்கிக்கிட்டாரு. சிரிச்ச மூஞ்சியோட வாங்கிக்கிட்டாரு. அன்னிக்குச் சாயந்தரமே டிரைவரு கையில குடுத்தனுப்பியிருக்காரு. 'அடுத்த கூட்டத்துக்கு மறக்காமல் எடுத்து வரவும்'னு சீட்டோட.

மூணு மாசமுங்க. நானே பொங்கறேன், நானே திங்கறேன். உப்பு எனக்கும் ரெண்டு தடவை விழுகுது.

நேத்து தேன்மொழி போன் பண்ணுனா. "ஏப்பா, அம்மா நாளைக்குப் பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறேன்னிருக்குது. நீங்க வந்தா உங்ககூட ஊருக்கு வந்துருமாம். மணியைக் குடுத்துட்டீங்கதான? குடுக்கலைன்னா வரவேண்டாம்னு சொல்லச் சொல்லுச்சு. இதுக்கு மேல அது உங்களைக் கூப்புடாதுப்பா"ன்னா.

குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்.

காலையில குடுத்தறலாம்னுதானுங்க சொன்னேன். விடிஞ்சதும் அர்த்தனாரி ஊட்டுக்குப் போனேன். அவரு வாக்கிங் போயிட்டாரு. வாட்ச்மேன் வாங்கமாட்டேன்னுட்டான். "ஐயா சொல்லாம ஒரு துரும்பு வாங்கக்கூடாதுங்க"ங்கறான். செவுத்து மேல வெச்சுட்டு வந்துருக்கலாம். பித்தளை பாருங்க, எவனாச்சும் எடுத்துட்டுப் போயிருவான். கடையில வெச்சுப் பூட்டியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. வெச்சிருக்கலாம். பஸ்சுக்கு நேரமாச்சுங்க. கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதான், ஆனாலும் பூட்டு கொஞ்சம் மெதுவாத்தான் தொறக்கும்.

இருங்க, போனு.

ஆங், சொல்லுங்க தலைவரே... ஆமாங்க, காலையில வந்தேன்... இல்லீங்க, பஸ்சுல போயிட்டிருக்கறேன்... எங்கிட்டத்தாங்க இருக்குது, பத்திரமா இருக்குது... அதில்லீங்க தலைவரே, நானு என்ன சொல்ல வந்தேன்னா... ஆங்... ஆங்... ஞாயித்துக்கெழமையா? பத்து மணிக்கா? அட, கலெக்டர் ஆபீசுல இருந்தே வாராங்களா! அப்ப பிளக்சு பெருசா வெக்கோணுமுங்களே... வேற யாரும் எழுத வேண்டாம், தப்பு விட்டுப்போடுவாங்க. வாசகம் நானே எழுதித் தாரேன்... சரிங்க. வெச்சறட்டுங்களா.

ஒண்ணுமில்லீங்க, தலைவரு. நாஞ்சொல்ல வந்ததை மனுசன் காதுலயே வாங்கலை பாருங்க.

இது குடிமங்கலம் நால் ரோடு. இனி ரொம்ப நேரமாகாது. தம்பி, உங்ககிட்ட ஒரு ஒதவி. நீங்க திருப்பூருதான போறீங்க? இந்தப் பையை உங்க ஊட்ல ஒரு மூலையில வெச்சுக்கங்களேன். சோறு கேக்காது, தண்ணி கேக்காது. வாரத்துக்கு ஒருக்கா புளி... அதுகூட வேண்டாம், கறுத்தாக் கறுத்துட்டுப் போகுது. போன் நம்பரு குடுங்க, நானு வந்து வாங்கிக்கறேன். வராமப் போனாலும் வெச்சுக்கங்க.

என்னதுங்க? அறைக்குள்ள நாலு பேரு தங்கியிருக்கறீங்களா? நீங்களுமா தம்பி இப்படிச் சொல்லோணும்.

சரி, நீங்க வாங்கிக்க வேண்டாம். நானு சீட்டுக்கடியில தள்ளி விட்டுட்டு எறங்கிக்கறேன். நீங்க பாக்காத மாதிரி சன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருங்க. டிப்போவுல போய்ச் சேரட்டும். பதினொரு வருசம் போதுமுங்க. பொண்டாட்டியை விடவா மணி? நீங்களே சொல்லுங்க. கையை வீசிக்கிட்டு எறங்கிப்போறேன். அவ பாக்கட்டும்.

வந்துருச்சு பல்லடம். அதா, அந்த டீக்கடைக்கு முன்னால நிக்கறா பாருங்க, பச்சைச் சீலை, கறுப்புக் கண்ணாடி. கையில பை வெச்சிருக்கறா. வாரதுக்குத்தானுங்க பை. ஊருக்கு வாரதுக்கு. பாருங்க, துணி மடிச்சு, பூவெல்லாம் வெச்சுக்கிட்டு... இன்னும் என்னைப் பாக்கலை, அந்தப் பக்கம் வார பஸ்சைப் பாத்துக்கிட்டிருக்கறா. நானு எறங்கறேன் தம்பி. சீட்டுக்கடியில இருக்குது. நீங்க பாக்காதீங்க. வரட்டுங்களா.

...தம்பி! தம்பி! இங்க, கீழ. சன்னலை மேல தூக்குங்க. அந்தப் பையை எடுத்துக் குடுங்க. சீக்கிரம், வண்டியை எடுக்கப்போறான்.

அட குடுங்கன்னா. ஞாயித்துக்கெழமை கேம்ப்புங்க. கலெக்டர் ஆபீசுல இருந்து வாராங்க. மணி இல்லாம எப்படிங்க ஆரம்பிக்கறது? எதையச் சுத்தியில அடிப்பாங்க? இந்த ஒரு கேம்ப்பு மட்டும். அவகிட்ட நானு சொல்லிக்கறேன். இப்பச் சொல்லமாட்டேன், துண்டைப் போட்டு மூடிக்கறேன், பலகாரம்னு சொல்லிக்கறேன். குடுங்க. கம்பிக்கு மேல தூக்கிக் குடுங்க. சாய்க்காதீங்க. மெதுவா... மெதுவா... சுத்தி உருளுது பாருங்க, புடிங்க...

அடிச்சுருச்சு.

திரும்பிட்டா.

பாக்கறா தம்பி. மூஞ்சியைப் பாக்கலை, பையைத்தான் பாக்கறா. கண்ணாடியைக் கழட்டிட்டே பாக்கறா. முன்னயெல்லாம் நாலடியில நின்னா என்னைத் தெரியாது. இப்ப பாருங்க, அங்கிருந்து இங்க, நடுவுல இத்தனை சனம், ரெண்டு பஸ்சு...

எத்தனை தெளிவாத் தெரியுது பாருங்க அவளுக்கு. நம்ம கேம்ப்புங்க அது.